தோல் நகரத்தில் தோளுக்கு ஏற்ற பை எது? சைக்கிளில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

ஆம்பூரில் காலை ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தில் ஷூ கம்பெனிகளை நோக்கிப் போகும் சாலைகளில் நின்று பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். ஹேண்டில்பாரின் ஒரு பக்கம் வயர் கூடை, அதற்குள் டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில். இன்னொரு பக்கம் ஜவுளிக்கடை கட்டைப்பை. தோளில் ஒரு வார் பை குறுக்கே தொங்கும். உலகம் முழுவதும் போகிற தோல் பொருட்களை வெட்டித் தைக்கிற ஊரில், வேலைக்குப் போகிறவர்களின் பை பெரும்பாலும் இவ்வளவுதான்.

வேலூர், காட்பாடி பக்கம் வந்தால் காட்சி மாறும். கல்லூரி மாணவர்களின் முதுகில் லேப்டாப் பை. சைக்கிளில் போகிறவர்களில் பலர் அதை ஒரு தோளில் மட்டும் மாட்டியிருப்பார்கள். மாலையில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "என்னன்னே தெரியல, இந்தப் பக்கம் இழுக்குது" என்பார்கள். குறை பெரும்பாலும் கழுத்தில் இருப்பதில்லை, பையில்தான் இருக்கிறது.

தினமும் சுமக்க வசதியாக, சாமான் எல்லாம் அடங்கும்படி, சைக்கிள் ஓட்டும்போதும் தொந்தரவு தராத ஒரு முதுகுப் பை வேண்டும். இந்தத் தோல் பகுதியில் வசிப்பவருக்கு இயல்பாக வரும் முதல் கேள்வி: "நம்ம ஊர்லயே தோல் இருக்கே, ஒரு நல்ல லெதர் பை எடுத்துட்டா என்ன?"

தோல் பையின் எடை எவ்வளவு?

கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம். தோல் விற்பனை சதுர அடிக் கணக்கில் நடக்கிறது. பைக்கு ஏற்ற தோலின் கனம் சுமார் 1.2 முதல் 1.4 மில்லிமீட்டர். 1.4 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு சதுர அடித் தோல் ஏறக்குறைய 110 கிராம் இருக்கும். 45 சென்டிமீட்டர் உயரம், 30 அகலம், 15 ஆழம் உள்ள பையின் ஆறு பக்கங்களுக்கு மட்டும் 5.3 சதுர அடி வேண்டும். வார், பாக்கெட், மேல் மூடி, தையலுக்கான மடிப்பு எல்லாம் சேர்ந்தால் 8 சதுர அடிக்கு வந்துவிடும். அதாவது தோல் மட்டுமே 900 கிராம். உள் லைனிங், கொக்கி, ஜிப், தோள்பட்டை நுரை என்று சேர்த்தால் ஒன்றரை கிலோவை எட்டும். அதே அளவில் ஒரு நைலான் பை 600 முதல் 900 கிராமில் முடிந்துவிடும்.

பை காலியாக இருக்கும்போதே முக்கால் கிலோ வித்தியாசம். நாற்காலியில் மாட்டிவைக்கும் பைக்கு இது ஒரு பொருட்டல்ல. தினமும் எட்டு கிலோமீட்டர் மிதிக்கிறவருக்குப் பொருட்டுதான்.

வியர்வை இன்னொரு பிரச்சினை. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் வேலூர். முதுகோடு ஒட்டிய தோலுக்கும் சட்டைக்கும் நடுவே காற்றுக்கு வழியில்லை. வியர்வையில் இருக்கும் உப்பு தோலில் இறங்கினால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு படியும், நாளடைவில் அந்த இடம் விறைக்கும். சாயம் சரியாகப் பிடிக்காத தோலாக இருந்தால் வெள்ளைச் சட்டையின் முதுகில் பழுப்புப் பட்டை விழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த தோல் பையை அலமாரிக்குள் வைத்து மூடினால் நான்கே நாளில் பூஞ்சை பூக்கும்.

ஆகவே, முழுக்கத் தோலால் ஆன முதுகுப் பை சைக்கிளுக்கு ஏற்றதல்ல. தோல் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான், ஆனால் அதுதான் நிலவரம்.

தோலே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு பை முதலில் தேய்வது அடிப்பாகம். முதலில் கிழிவது வார் பையோடு சேரும் இடம். இந்த இரண்டு இடங்களிலும் தோல், மற்ற இடங்களில் கெட்டியான கேன்வாஸ் அல்லது நைலான் என்று இருக்கும் பை, எடையும் ஏறாமல் உழைக்கவும் செய்யும். தைத்து வாங்க வாய்ப்புள்ளவர்கள் இப்படிக் கேட்டுத் தைக்கலாம். பைக்கு அடிப்பாகம் போட ஒரு சதுர அடித் துண்டே போதும். முழுத் தோல் வாங்க வேண்டியதில்லை.

"பாய், இது ஒரிஜினலா?"

எந்தத் தோல் கடையிலும் கேட்கப்படும் கேள்வி. "ஒரிஜினல்தான்மா, நம்பி எடுங்க" என்ற பதிலும் எங்கும் கிடைக்கும். அது உண்மையாகவும் இருக்கலாம். சந்தேகம் 'தோலா இல்லையா' என்பதில் இல்லை, 'எந்தத் தோல்' என்பதில் இருக்கிறது.

ஒரு மாட்டுத் தோலைக் கனவாக்கில் இரண்டாகப் பிரிப்பார்கள். முடி இருந்த மேல் பகுதிதான் நார் நெருக்கமாகப் பின்னியிருக்கும் வலுவான பகுதி. கீழ்ப்பகுதிக்குத் தொழிலில் 'ஸ்பிளிட்' என்று பெயர். அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் படலத்தை ஒட்டி, தோல் ரேகையை அச்சிட்டால் பார்வைக்கு மேல்தோல் போலவே இருக்கும். அதிலும் 'ஜெனியூன் லெதர்' என்று முத்திரை குத்தலாம், பொய் இல்லை. ஆனால் வாருக்குப் பயன்படுத்தினால் இழுவை தாங்காது.

அதற்கும் கீழே இருப்பது தோல் தூளைப் பசையில் குழைத்துத் துணியில் படியவைத்த 'பாண்டட் லெதர்'. அடுத்தது ரெக்சின். துணியின் மேல் பிவிசி அல்லது பாலியூரித்தேன் பூச்சு. நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் பாலியூரித்தேன் மெல்லச் சிதையும். வாங்கி இரண்டு வருடத்தில் பை தோல் உரிவது போல உரிந்து, சட்டையெல்லாம் கறுப்புத் துணுக்காக ஒட்டுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் உரியும்.

கண்டுபிடிக்க எளிய வழி வெட்டிய விளிம்பைப் பார்ப்பது. பையின் உள்பாக்கெட் ஓரத்திலோ வாரின் நுனியிலோ பெயின்ட் அடிக்காத இடம் கிடைக்கும். அங்கே நார் நாராகத் தெரிந்தால் தோல். துணி இழை தெரிந்தால் ரெக்சின். விரலால் அழுத்தினால் தோலில் சுற்றிலும் மெல்லிய சுருக்கம் விழும், ரெக்சின் குழி மட்டும் விழுந்து மீளும். வாசனையை நம்பக் கூடாது, அதையும் தெளிக்க முடியும். கடைக்காரர் ஒரு துணுக்கு கொடுத்தால் கொளுத்திப் பார்க்கலாம்: தோல் என்றால் முடி கருகும் நாற்றம், ரெக்சின் என்றால் உருகிச் சொட்டும்.

சந்தேகம் பெரியதாக இருந்தால், அதாவது மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு, சென்னை அடையாறில் 1948-ல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே கட்டணம் செலுத்தித் தோல் மாதிரிகளைச் சோதித்துக்கொள்ளலாம். ஒரு பைக்காக அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

லிட்டர் கணக்கில் ஏமாற வேண்டாம்

நைலான், பாலியஸ்டர் பைகளில் '40 லிட்டர்', '45 லிட்டர்' என்று பெரிதாக எழுதியிருக்கும். ஒரு டேப் கொண்டு போனால் போதும். உயரம், அகலம், ஆழம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் லிட்டர். மேலே சொன்ன 45, 30, 15 அளவுப் பை 20 லிட்டர். மூலைகள் வளைந்திருப்பதால் உண்மையில் அதற்கும் கொஞ்சம் குறைவு. இந்த அளவில் இருக்கும் பையில் 40 என்று எழுதியிருந்தால் அது விளம்பரம்.

எவ்வளவு தேவை? லேப்டாப், சார்ஜர், டிபன் பாக்ஸ், ஒரு லிட்டர் தண்ணீர், மழைக்கோட்டு, மாற்றுச் சட்டை. இவ்வளவும் 22 முதல் 25 லிட்டரில் நெருக்கடியில்லாமல் அடங்கும். இதற்கு மேல் பெரிய பை வாங்கினால் ஒரு வாரத்தில் அதுவும் நிரம்பிவிடும். இடம் இருந்தால் எதையாவது போடுவது மனித சுபாவம். எடை போட்டுப் பார்த்தால் லேப்டாப்பும் சார்ஜரும் இரண்டு கிலோ, தண்ணீர் ஒரு கிலோ, சாப்பாடு முக்கால் கிலோ, மற்றவை ஒரு கிலோ. பையோடு சேர்த்து ஐந்தரை கிலோ.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இதில் அதிகாரபூர்வமான அளவே இருக்கிறது. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் புத்தகப் பை எடையைக் குறைக்கச் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 1, 2-ம் வகுப்புக்கு ஒன்றரை கிலோ, 10-ம் வகுப்புக்கு 5 கிலோ என உச்சவரம்பு சொன்னது. 2020-ல் வந்த புத்தகப் பைக் கொள்கை, பையின் எடை பிள்ளையின் உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. 40 கிலோ எடையுள்ள மாணவிக்கு 4 கிலோ. பெரியவர்களுக்குச் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் அந்த 10 சதவீதத்தை நெருங்கும்போதே தோள் சொல்லிவிடும்.

முதுகின் நீளம்தான் முக்கியம்

சட்டை வாங்கும்போது அளவு பார்க்கிறோம். பைக்கு யாரும் பார்ப்பதில்லை. தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் துருத்தும் எலும்பு இருக்கிறதல்லவா, அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்பு வரை உள்ள தூரம்தான் ஒருவரின் முதுகு நீளம். ஆறடி உயரமுள்ளவருக்குக் குட்டை முதுகும், ஐந்தரை அடிக்காரருக்கு நீண்ட முதுகும் இருக்கலாம். பை இந்த நீளத்துக்குள் உட்கார வேண்டும். பின்பக்கம் தொங்கி இடுப்புக்குக் கீழே இறங்கினால், ஒவ்வொரு மிதிக்கும் அது சீட்டில் இடிக்கும், தோளைப் பின்னால் இழுக்கும். கல்லூரிப் பிள்ளைகள் வாரை முழுக்கத் தளர்த்தி ஸ்டைலாகத் தொங்கவிடுவது இதனால்தான் வலியில் முடிகிறது.

வார் ஆறு, ஏழு சென்டிமீட்டர் அகலமாவது வேண்டும். நுரையைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கலாம். உடனே அடி தட்டினால் அது சாதா ஸ்பாஞ்ச், மூன்று மாதத்தில் அப்பளம்போல ஆகிவிடும். கொஞ்சம் எதிர்த்து, விட்டதும் மெல்ல மேலே வந்தால் நல்லது. வாரின் வடிவம் நேர்ப்பட்டையாக இல்லாமல் மார்புப் பக்கம் வளைந்து இறங்க வேண்டும். பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். கடையில் இருக்கும் பெரும்பாலான பைகள் அகலத் தோள் ஆண்களை மனதில் வைத்துத் தைக்கப்பட்டவை. மாட்டிப் பார்க்கும்போது வார் தோளிலிருந்து வெளிப்பக்கமாக வழுக்கினால் அந்தப் பை வேண்டாம்.

மார்புக்குக் குறுக்கே வரும் சிறிய பட்டையைப் பலர் அலங்காரம் என நினைத்து வெட்டிவிடுகிறார்கள். நடக்கும்போது அது தேவைப்படாமல் போகலாம். சைக்கிளில் திரும்பும்போதும் மேடு பள்ளத்தில் குதிக்கும்போதும் பை ஒரு பக்கமாகச் சரியாமல் பிடித்துவைப்பது அதுதான். மலையேறுகிறவர்கள் கட்டும் இடுப்புப் பட்டையும் அப்படியே. எடை தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும்.

முதுகில் காற்றோட்டத்துக்காக வலையை விறைப்பாக இழுத்துக் கட்டி, பைக்கும் முதுகுக்கும் நடுவே இடைவெளி விடும் பைகளும் உண்டு. ஜெர்மனியின் டாய்டர் நிறுவனம் 1984-ல் கொண்டுவந்த அமைப்பு இது. இப்போது இந்தியத் தயாரிப்புகளிலும் வருகிறது. வேலூர் வெயிலில் முதுகு நனையாமல் இருக்காது, ஆனால் சட்டை முழுக்க ஒட்டிக்கொள்ளாது. இதில் ஒரு குறை: வளைந்த முதுகுச் சட்டத்தால் பைக்குள் இடம் குறையும், லேப்டாப் நேராக உட்காராது. இரண்டில் எது வேண்டும் என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேரியர் எதற்கு இருக்கிறது?

சைக்கிளில் போகிறவர் பை தேடும்போது மறந்துவிடும் ஒன்று, சைக்கிளிலேயே சுமக்க இடம் இருக்கிறது என்பது. அரசு தரும் விலையில்லா சைக்கிளிலும் கேரியர் உண்டு. பால்காரரும் கோலமாவு விற்பவரும் கேரியரின் இரண்டு பக்கமும் சாக்குப் பை தொங்கவிட்டுப் போவது இந்த ஊர்களுக்குப் புதிதல்ல. வெளிநாடுகளில் 'பேனியர்' என்ற பெயரில் பல ஆயிரம் ரூபாய்க்கு விற்பது அதே யோசனைதான். தண்ணீர் புகாத துணியும் சட்டென்று கழற்றும் கொக்கியும்தான் வித்தியாசம்.

எடை கீழே இருந்தால் சைக்கிள் நிலையாக ஓடும். முதுகில் இருந்தால் ஆளும் சுமையும் சேர்ந்து மேலே கனக்கும், வளைவில் தடுமாறும். அதிலும் ஹேண்டில்பார் தாழ்ந்த, குனிந்து ஓட்டும் சைக்கிளில் முதுகுச் சுமையின் ஒரு பங்கு மணிக்கட்டுக்குப் போய்ச் சேரும். நிமிர்ந்து ஓட்டும் பழைய வகைச் சைக்கிளில் அந்தத் தொல்லை குறைவு.

ஆனால் கேரியரில் லேப்டாப் வைத்தால் ஒவ்வொரு குழியின் அதிர்வும் அதற்குத்தான் போகும். முதுகு அதிர்வை உள்வாங்கிக்கொள்ளும், இரும்புக் கம்பி உள்வாங்காது. ஆகவே பிரித்துக்கொள்வதுதான் நல்ல வழி. தண்ணீர், சாப்பாடு, பூட்டு, மழைக்கோட்டு கேரியருக்கு. லேப்டாப்பும் காகிதங்களும் முதுகுக்கு. முதுகில் இரண்டரை, மூன்று கிலோதான் மிஞ்சும். அப்போது விலை உயர்ந்த பையே தேவைப்படாமல்கூடப் போகலாம்.

ஒரு எச்சரிக்கை. கேரியரில் வைக்கும் எந்தப் பையிலும் வார் தொங்கக் கூடாது. பின் சக்கரத்துக் கம்பியில் ஒரு நுனி சிக்கினால் போதும், சக்கரம் நின்று ஆள் விழுவார். துப்பட்டாவுக்குச் சொல்வதேதான் பை வாருக்கும். இரவு ஷிஃப்ட் முடிந்து தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிப் போகிறவர்களின் பையில் பின்பக்கம் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் பட்டை இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அதைத் தனியாக வாங்கித் தைத்துக்கொள்ளலாம், பெரிய செலவில்லை. கறுப்புப் பை, கறுப்புச் சட்டை, விளக்கில்லாத சைக்கிள் மூன்றும் சேர்ந்தால் பின்னால் வரும் லாரிக்காரருக்கு ஒன்றும் தெரியாது.

பட்டையும் குரோமும்

தோல் அடிப்பாகம் போட நினைப்பவர் தெரிந்துகொள்ள இன்னொன்றும் உண்டு. இந்தப் பகுதியின் பழைய தோல், ஆவாரம் பட்டையிலும் பிறகு வாட்டில் மரப்பட்டையிலும் ஊறி, கடுக்காயில் பதமானது. அந்த முறைத் தோல் 'இ.ஐ. லெதர்' என்ற பெயரில் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. பதமாக வாரக்கணக்கில் ஆகும். கெட்டியாக, வடிவம் மாறாமல் நிற்கும், ஆனால் தண்ணீர் பட்டால் கறை படும். குரோமிய உப்பில் பதனிட்ட தோல் விரைவில் தயாராகும், மிருதுவாக இருக்கும், ஈரத்தை நன்றாகத் தாங்கும். 1970-களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்த பிறகு, முழுத் தோலும் ஷூவும் தயாரிக்கத் தொழில் திரும்பியது. ஆம்பூர் இன்று ஷூ நகரமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதன் விலையைப் பாலாறு கொடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதி என்றது. தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானது என்ற ஆய்வு முடிவும், ஒரு கிலோ தோலுக்குச் சராசரியாக 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்ற கணக்கும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கின்றன. அந்தக் கணக்கில் பார்த்தால் 900 கிராம் தோல் உள்ள ஒரு பைக்கு 30 லிட்டருக்கு மேல். ஒரு சதுர அடி அடிப்பாகத்துக்கு நான்கு லிட்டர்.

நைலானும் பெட்ரோலியத்தில் பிறந்ததுதான், மக்காது. ஆகவே எந்தப் பையானாலும் எத்தனை வருடம் உழைக்கிறது என்பதே பெரிய கேள்வி.

தையலும் ரன்னரும்

அந்த விஷயத்தில் இந்த ஊர்க்காரர்களுக்கு வேறு ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. ஷூ கம்பெனிகளில் அப்பர் தைக்கும் ஆயிரக்கணக்கான பெண்களுக்குத் தையலைப் பார்த்த மாத்திரத்தில் தரம் சொல்லத் தெரியும். பை வாங்கப் போகும்போது அப்படி ஒரு அக்காவையோ சித்தியையோ கூட்டிப்போவது எந்த ஆன்லைன் மதிப்பீட்டையும்விட மேல். அவர்கள் முதலில் பையைப் புரட்டி உள்பக்கம் பார்ப்பார்கள். நூல் பிசிறுகிறதா, வார் சேரும் இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நெருக்கிய தையல் இருக்கிறதா, துணி விளிம்பை நாடா வைத்து மூடியிருக்கிறதா என்று. தோலில் தையல் நெருக்கமாக இருந்தால் உறுதி என்று நினைப்பது தவறு. ஓட்டைகள் அதிகமானால் தபால்தலை போல அந்த வரியிலேயே கிழியும்.

ஜிப்பில் 5, 8, 10 என்ற எண்கள் பற்களின் அகலத்தைச் சொல்பவை. பெரிய அறைக்கு 8 அல்லது 10 இருந்தால் நல்லது. ஜிப் மூடிய பிறகும் பின்னால் பிளந்துகொண்டால் பையைத் தூக்கிப் போட வேண்டாம். பற்கள் நன்றாக இருந்து ரன்னர் மட்டும் தேய்ந்திருக்கும். ஷூ, பை ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்தால் ரன்னரை மாற்றிவிடுவார்.

கடைக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாமல், தினமும் எடுத்துப்போகும் சாமானையெல்லாம் ஒரு கட்டைப்பையில் போட்டு எடுத்துப்போகலாம். புதுப் பையில் அவற்றை நிரப்பி, மாட்டி, பத்து நிமிடம் கடைக்குள்ளேயே நடக்கலாம். முடிந்தால் வெளியில் நிற்கும் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, தலையைத் திருப்பிப் பின்னால் வரும் வண்டி தெரிகிறதா என்று பார்க்கலாம். பையின் மேல் விளிம்பு தலையில் தட்டினால் அடுத்த பையை எடுக்கச் சொல்லலாம். கடைக்காரர் கொஞ்சம் முறைப்பார். "சும்மா போட்டுப் பாக்கறேங்க" என்றால் போதும்.